ஏழாவது லேனில் இரண்டு கோடுகள்

முதுநிலைத் தடய அறிவியல் படிப்பின் இரண்டாம் பருவத்தில், ஒரு வியாழக்கிழமை பிற்பகல், புற ஊதா ஒளிப்பெட்டியின் மேல் வைத்திருந்த, டி.என்.ஏ. துண்டுகளை நீளப்படி பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஜெல்லில், இருக்கக் கூடாத இரண்டு கோடுகளைப் பார்த்தேன். ஜெல்லில் ஒவ்வொரு மாதிரியும் ஓடும் தனிப்பாதைக்கு லேன் என்று பெயர். அது வெற்று மாதிரிக்கு ஒதுக்கிய ஏழாவது லேன். மற்ற குழாய்களில் இட்ட வேதிப்பொருள்கள் அத்தனையையும் அந்தக் குழாயிலும் இட்டு, டி.என்.ஏ.வுக்குப் பதிலாகத் தூய நீரை மட்டும் சேர்த்து, மற்றவற்றோடு ஒன்றாகவே பி.சி.ஆர். கருவியில் வைத்திருந்தோம். அந்த லேன் இருட்டாக இருந்தால்தான் பக்கத்து லேன்களில் ஒளிர்வதை நம்ப முடியும். அதில் தெரிந்த கோடுகள் மங்கலானவைதாம். ஆனால் மூன்றாவது லேனில் இருந்த இரண்டு கோடுகளின் உயரத்திலேயே, மயிரிழை பிசகாமல் நின்றன. மூன்றாவது லேனில் ஓடியது, என் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் நானே தேய்த்து எடுத்த மாதிரி.

வெற்றுக் குழாயில் என்னுடைய டி.என்.ஏ. கலந்துவிட்டது என்று பேராசிரியையிடம் போய்ச் சொன்னேன். தவற்றை உடனே ஒப்புக்கொண்டதற்குப் பாராட்டு கிடைக்கும் என்று ஓரத்தில் ஓர் எதிர்பார்ப்பும் இருந்தது. அவர் ஜெல்லைக் குனிந்து பார்த்துவிட்டு, உன்னுடையது என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டார். உயரம் ஒத்துப்போகிறது என்றேன். ஐந்தாவது லேனையும் பார் என்றார். அங்கும் அதே உயரத்தில் அதே இரண்டு கோடுகள் இருந்தன. அது, அன்று எல்லாக் குழாய்களுக்கும் பொதுவான கலவையைத் தயாரித்த என் வகுப்புத் தோழியின் மாதிரி. எனக்கும் அவளுக்கும் எந்த உறவும் இல்லை, ஊரும் வேறு.

படிப்பு முடிந்த பிறகும், இந்தத் துறையைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஜெல்தான். சினிமாவில் வருவதுபோலக் கணினித் திரையில் பச்சை எழுத்தில் "பொருந்துகிறது" என்று வருமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அப்படி ஒரு திரையை நான் எந்த ஆய்வகத்திலும் பார்த்ததில்லை. நான் பார்த்தவை பெரும்பாலும் வரைபடத்தில் எழும் முகடுகள், அட்டவணைகள், கையொப்பமிட்ட உறைகள்.

எங்கள் கல்லூரியில் அப்போது மரபணுப் பகுப்பாய்வுக் கருவி இல்லை. விலை அப்படி. ஆகவே, பல கல்லூரிகளில் செய்வதுபோலவே டி1எஸ்80 என்ற ஒரே ஒரு பகுதியை வைத்துத்தான் செய்முறை நடந்தது. முதலாம் குரோமோசோமில் இருக்கும் அந்தப் பகுதியில் 16 எழுத்துகள் கொண்ட ஒரு தொடர் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். தாயிடமிருந்து ஓர் எண்ணிக்கையும் தந்தையிடமிருந்து ஓர் எண்ணிக்கையும் வருவதால், பெரும்பாலோருக்கு இரண்டு கோடுகள் தெரியும். எனக்கு 18, 24. இந்த இரண்டும் உலகின் பல மக்கள் கூட்டங்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் எண்ணிக்கைகள் என்பதைப் பேராசிரியை அதற்குப் பிறகுதான் சொன்னார்.

அன்றே ஒரு கணக்கும் போட வைத்தார். ஒரு சமூகத்தில் 18 என்ற வகை 100-க்கு 25 என்ற அளவிலும், 24 என்ற வகை 100-க்கு 30 என்ற அளவிலும் இருப்பதாகக் கொள்வோம். ஒருவரிடம் இரண்டும் சேர்ந்து இருப்பதற்கான வாய்ப்பு, 0.25-ஐ 0.30-ஆல் பெருக்கி, தாய்வழியும் தந்தைவழியும் இடம் மாறி வரலாம் என்பதற்காக இரண்டால் பெருக்கினால் 0.15. அதாவது நூறு பேரில் 15 பேர். எங்கள் வகுப்பில் 12 பேர் இருந்தோம். அதில் இருவருக்கு ஒரே கோடுகள் இருந்ததில் வியக்க ஒன்றும் இல்லை. ஏழாவது லேனைப் பற்றி என்னால் நேர்மையாகச் சொல்லக்கூடியது, அங்கே இருக்கும் டி.என்.ஏ.வுக்கு உரியவர் பட்டியலிலிருந்து நானோ என் தோழியோ விலக்கப்படவில்லை என்பது மட்டுமே. மற்ற பத்துப் பேரையும் விலக்கிவிடலாம். விலக்குவது என்ற இந்தச் சொல்தான் இந்தத் துறையின் அடிப்படைச் சொல் என்பது புரிய எனக்கு ஒரு பருவம் முழுதும் தேவைப்பட்டது.

இந்தத் தொழில்நுட்பம் ஒரு குற்ற வழக்கில் முதன்முதலாகச் செய்ததும் விலக்கல்தான். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984 செப்டம்பர் 10 அன்று காலை ஓர் எக்ஸ்-ரே படத்தில் தற்செயலாகக் கண்ட கோடுகளிலிருந்து மரபணு ரேகை என்ற எண்ணம் பிறந்தது. அதே வட்டாரத்தில் 1983-இலும் 1986-இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். 17 வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டிருந்தான். முதல் கொலையையும் அவன் கணக்கில் சேர்ப்பதற்காகக் காவல்துறை ஜெஃப்ரிஸை நாடியது. இரண்டு குற்றங்களையும் செய்தவன் ஒரே ஆள்தான், ஆனால் அது இந்த இளைஞன் அல்லன் என்று சோதனை சொன்னது. ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தவனே விடுவிக்கப்பட்டான். பிறகு அந்த வட்டாரத்து ஆண்கள் ஆயிரக்கணக்கானோரிடம் இரத்த மாதிரி எடுத்தும் குற்றவாளி சிக்கவில்லை. தனக்குப் பதிலாக உடன் வேலை செய்தவனை இரத்தம் கொடுக்க வைத்திருந்தான். அந்த ஆள்மாறாட்டம் ஒரு மதுக்கடைப் பேச்சில் வெளிவந்த பிறகே பிடிபட்டு, 1988-இல் தண்டிக்கப்பட்டான். மாதிரி கொடுப்பவரின் அடையாளத்தைப் புகைப்படத்துடனும் சாட்சியின் கையொப்பத்துடனும் உறுதிசெய்யும் படிவத்தை நாங்கள் செய்முறை வகுப்பில் சலித்துக்கொண்டு நிரப்பிய நாள்களில் இந்தக் கதை உதவியது.

இந்தியக் கதை பாம்பிலிருந்து தொடங்குகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பாம்புகளின் பால் குரோமோசோம்களை ஆராய்ந்த லால்ஜி சிங், கட்டுவிரியன் இனத்தைச் சேர்ந்த ஒரு பாம்பின் டி.என்.ஏ.வில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு தொடரைப் பிரித்தெடுத்திருந்தார். அதே தொடரை வைத்து மனிதர்களையும் ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்தறியலாம் என்று ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் 1980-களின் பிற்பகுதியில் காட்டினார். கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றத்துக்கு வந்த ஒரு தந்தைமை வழக்கில்தான் அது முதலில் சான்றாக ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் பரவலாகப் பேசப்பட்டது சாமியார் பிரேமானந்தா வழக்கு: ஆசிரமப் பெண் ஒருவரின் கலைக்கப்பட்ட கருவின் டி.என்.ஏ.வைப் பிரேமானந்தாவின் இரத்தத்தோடு ஒப்பிட்ட முடிவு, 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் முக்கியச் சான்றாக இருந்தது. எதிர்த்தரப்பு வெளிநாட்டிலிருந்து ஒரு வல்லுநரை வரவழைத்து வாதிட்டும் அந்தச் சான்று நின்றது.

இன்று யாரும் அந்தப் பழைய முறையைப் பயன்படுத்துவதில்லை. அதற்கு நிறைய இரத்தமும் பல நாள்களும் தேவைப்பட்டன. இப்போது எஸ்.டி.ஆர். எனப்படும் குறுந்தொடர்கள், பெரும்பாலும் நான்கே எழுத்துகள் கொண்டவை. பதினோராம் குரோமோசோமில் டி.எச்.01 என்ற இடத்தில் ஏ-ஏ-டி-ஜி என்ற நான்கெழுத்துத் தொடர் ஒருவருக்கு ஆறு முறையும் இன்னொருவருக்கு ஒன்பது முறையும் வரும், 9.3 என்றொரு வகைகூட உண்டு, ஒன்பது முழுத் தொடர்களும் மூன்றே எழுத்துள்ள ஓர் அரைகுறைத் தொடரும் சேர்ந்தது. அமெரிக்க அரசின் தரவுத்தளம் இப்படிப்பட்ட 13 இடங்களோடு தொடங்கி, 2017 தொடக்கத்திலிருந்து 20 இடங்களைக் கேட்கிறது. ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ. ஏறத்தாழ 6 பிக்கோகிராம்தான் என்றாலும், பி.சி.ஆர். ஒவ்வொரு சுற்றிலும் அதை இரட்டிப்பதால், 28 சுற்றுகளில் கணக்குப்படி 26 கோடி மடங்குக்கும் மேல் பெருகிவிடும். கொரோனா காலத்துக்குப் பிறகு பி.சி.ஆர். என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பது எங்களுக்குக் கிடைத்த ஒரே வசதி. ஆனால் அந்தப் பெருக்கல் குற்றவாளியின் செல்லையும் என் எச்சில் துளியையும் ஒரே மாதிரி நடத்தும். ஏழாவது லேன் பிறந்தது அப்படித்தான்.

பாடநூலில் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் பிரித்தெடுத்தல், செய்முறையில் வாரக்கணக்கில் எங்களை இழுத்தது. செலெக்ஸ் பிசின் மணிகளைச் சேர்த்து 56 டிகிரியில் அரை மணி நேரம், பிறகு கொதிநீரில் எட்டு நிமிடம், பிறகு மையவிலக்கியில் சுழற்றல் என்று எழுதினால் ரசம் வைப்பதைவிட எளிதாகத்தான் தோன்றும். அடியில் தங்கிய மணிகளில் ஒன்றிரண்டு பைப்பெட்டோடு ஏறி வந்துவிட்டால், பி.சி.ஆருக்குத் தேவையான மக்னீசியத்தை அவை பிடித்துவைத்துக்கொள்ளும். லேன் வெறுமையாக நிற்கும். ஜீன்ஸ் துணியில் காய்ந்த இரத்தக்கறையை எடுத்தபோது, துணியின் நீலச் சாயமும் கூடவே வந்து வினையைத் தடுத்தது. மண்ணில் புதைத்து எடுத்த எலும்பில் மண்ணின் ஹியூமிக் அமிலம் அதே வேலையைச் செய்யும். இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம்கூட ஒரு தடைதான். ஆகவே லேன் வெறுமையாக இருந்தால் டி.என்.ஏ. இல்லை என்று எழுதிவிட முடியாது. இருந்தும் பெருகாமல் போயிருக்கலாம்.

பாலியல் குற்ற மாதிரிகளுக்கு உரிய பிரிப்புமுறையைக் கோட்பாடாக மட்டுமே படித்தோம். விந்தணுவின் தலைப்பகுதியைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருப்பதால், சாதாரண நொதிக்கரைசலில் பெண்ணின் செல்கள் முதலில் உடைந்துவிடும், விந்தணு உடையாமல் நிற்கும். முதல் கரைசலை நீக்கிய பிறகு, அந்தப் பிணைப்பை அறுக்கும் டி.டி.டி. என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் ஆணின் டி.என்.ஏ. தனியே வரும். இவ்வளவு எளிய, இவ்வளவு பயனுள்ள சிந்தனையை நான் அந்தப் படிப்பில் வேறெங்கும் காணவில்லை.

நம் ஊர் வெயிலும் ஈரமும் தனிப்பாடம். இரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால், சில நாள்களில் பூஞ்சையும் பாக்டீரியாவும் டி.என்.ஏ.வைத் தின்று தீர்த்துவிடும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் இட வேண்டும். இதை ஒரு தேர்விலாவது கேட்காமல் விட்டதில்லை.

புள்ளியியல் தாளைக் கண்டு வகுப்பில் பாதிப்பேர் அஞ்சினோம். எனக்கோ கடைசியில் அதுவே பிடித்த தாளாயிற்று. ஓர் இடத்தில் ஒருவர் பொருந்தும் வாய்ப்பு 25-இல் ஒன்று என்றால், ஒன்றையொன்று சாராத பத்து இடங்களில் பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ 95 லட்சம் கோடியில் ஒன்று. உலக மக்கள்தொகையோ ஏறத்தாழ 800 கோடி. இந்த எண்ணைக் கேட்டவுடன் நீதிமன்றமே அசந்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். அந்த எண்ணுக்கு அடியில் இருக்கும் ஊகங்களைப் பேராசிரியை ஒவ்வொன்றாக உருவினார். மக்கள் தமக்குள் எந்த ஒழுங்கும் இன்றிக் கலந்து மணம் செய்கிறார்கள் என்பது முதல் ஊகம். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தச் சாதிக்குள், அதிலும் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டிய ஊரில் அந்த ஊகம் எப்படி நிற்கும்? ஒரே முன்னோரிடமிருந்து ஒரே வகை இருவழியிலும் வந்து சேரும் வாய்ப்பு அத்தகைய கூட்டங்களில் கூடும். அதற்காகவே கணக்கில் 0.01 அல்லது 0.03 என்று ஒரு திருத்த எண்ணைச் சேர்க்கிறார்கள். அந்த எண், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான பக்கம் நகரும். உடன்பிறந்தார் என்றால் இன்னும் மோசம்: ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உருவொத்த இரட்டையர் என்றால் இந்தச் சோதனையால் பிரிக்கவே முடியாது.

இன்னொரு பிழை மொழியில் நடக்கிறது. பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான் இந்த விவரம் பொருந்தும் என்பதை, இவர் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று மாற்றிச் சொல்வது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி, பத்து லட்சத்தில் ஒருவர் என்றால், தமிழ்நாட்டிலேயே ஏறத்தாழ 72 பேருக்கு அந்த விவரம் பொருந்தலாம். வேறு சான்று எதுவும் இல்லாவிட்டால், கூண்டில் நிற்பவர் அந்த 72 பேரில் ஒருவர், அவ்வளவுதான். முன்னே சொன்னது செல்லைப் பற்றிய கூற்று. பின்னே சொன்னது மனிதரைப் பற்றிய தீர்ப்பு. மாதிரி நீதிமன்றப் பயிற்சியில் வழக்கறிஞராக நடித்த மாணவர் என்னை மூன்று முறை வேறுவேறு விதமாகக் கேட்டு, மூன்றாவது முறை அந்தப் பின்வாக்கியத்தை என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார்.

முகடு முழுமையாகப் பொருந்தினாலும், டி.என்.ஏ. அங்கே எப்படி வந்தது என்பது கோட்டில் எழுதப்பட்டிருக்காது. ஜெர்மனியில் 2007-இல் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்ட இடத்தில் கிடைத்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ., ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 40 குற்ற இடங்களில் கிடைத்தது. மூன்று லட்சம் யூரோ பரிசு அறிவித்துத் தேடினார்கள். 2009-இல்தான் தெரிந்தது, அது மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணுடையது என்று. குச்சிகள் நுண்ணுயிர் நீக்கப்பட்டவை. ஆனால் நுண்ணுயிரைக் கொல்லும் எல்லா முறைகளும் டி.என்.ஏ.வை அழித்துவிடுவதில்லை. அமெரிக்காவில் 2012-இல் கலிஃபோர்னியாவில் கொலையுண்ட ஒருவரின் நகத்தில் கிடைத்த டி.என்.ஏ.வுக்காக வீடற்ற ஒருவர் பல மாதங்கள் சிறையில் இருந்தார். கொலை நடந்த இரவில் அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்திருக்கிறார். அவரைத் தூக்கிச் சென்ற அதே அவசர மருத்துவ ஊழியர்கள்தாம் பின்னர் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருந்தார்கள். ஏழாவது லேன் வழக்கிலும் அதே கேள்விதான் நின்றது. மின்சாரம் போய் ஏ.சி. நின்றிருந்த பத்து நிமிடத்தில் நான் முகக்கவசத்தை இறக்கிவிட்டுப் பேசினேன்; என் தோழி ஒரு பைப்பெட் முனையை மாற்றினோமா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் நின்றாள். கோடுகள் இருவரையும் சமமாகச் சுட்டின.

சட்டத் தாளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. டி.என்.ஏ. தொழில்நுட்பத்தை ஒழுங்குபடுத்த 2019-இல் மக்களவையில் கொண்டுவந்த மசோதா 2023-இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அதற்காக நாங்கள் உருப்போட்ட பிரிவுகள் வீணாயின. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற இரண்டு வழக்குகளை மட்டும் சொல்லியாக வேண்டும். பட்டு ராஜன் வழக்கில் 2019-இல் நீதிமன்றம், டி.என்.ஏ. அறிக்கையும் வல்லுநர் கருத்துதான், அதன் மதிப்பு வழக்குக்கு வழக்கு மாறும் என்றது. தேனி மாவட்டச் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில், 2025 ஜூலையில், தூக்குத் தண்டனை பெற்றிருந்தவரை விடுவித்தது. மாதிரிகள் எங்கே, யார் பொறுப்பில், எந்த நிலையில் இருந்தன என்பதற்குச் சரியான விளக்கம் இல்லாதது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றி உறையைத் திறக்கக் கூடாது, கைமாறிய ஒவ்வொரு கட்டமும் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் அந்தத் தீர்ப்பு விதித்தது. நான் கல்லூரியில் "காகித வேலை" என்று முணுமுணுத்துக்கொண்டே செய்த அத்தனையும் அதில் இருந்தது.

வகுப்பில் எழுதப்படாத ஒரு விதியும் இருந்தது: பெற்றோரின் மாதிரியைச் செய்முறைக்குக் கொண்டு வரக் கூடாது. மரபு எப்படிக் கடத்தப்படுகிறது என்று காட்ட அதைவிட நல்ல பாடம் இல்லை என்று ஒரு மாணவர் வாதாடினார். கோடுகள் பொருந்தாமல் போனால் அந்த மாலையில் நீ வீட்டுக்குப் போய் என்ன செய்வாய் என்று பேராசிரியை கேட்டார். அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசிப் பருவத்தில் ஓர் ஆய்வகத்தில் ஆறு வாரப் பயிற்சி கிடைத்தது. அங்கேதான் பகுப்பாய்வுக் கருவியை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். தலைமுடியளவே இருக்கும் நுண்குழாயில் டி.என்.ஏ. துண்டுகள் ஓட, ஒளிரும் சாயத்தை லேசர் தொட, திரையில் முகடுகள் எழும். உண்மையான ஒவ்வொரு முகட்டுக்கும் முன்னால், ஒரு தொடர் குறைவான இடத்தில், ஸ்டட்டர் எனப்படும் ஒரு குட்டி முகடு நிற்கும், பி.சி.ஆரில் நொதி சறுக்கியதன் தடம் அது. இருவர் கலந்த மாதிரியில், அந்தக் குட்டி முகடு சறுக்கலா அல்லது சிறிதளவே செல் விட்டுச்சென்ற இரண்டாம் ஆளா என்று முடிவு செய்ய, அனுபவமுள்ள இருவர் தனித்தனியே உட்கார்ந்து பார்த்தார்கள். எனக்கு அங்கே முதல் நாள் முதல் வேலையாகக் கன்னத்தில் குச்சி வைத்து மாதிரி எடுத்தார்கள். ஆய்வகத்துக்குள் நுழையும் ஒவ்வொருவரின் விவரமும் விலக்கல் பட்டியலில் இருக்க வேண்டும், எதிர்பாராத முகடு வந்தால் முதலில் தங்களுடையதா என்று பார்க்க. என் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களின் எண்களைத் திரையில் அன்றுதான் கண்டேன். அவற்றில் டி1எஸ்80 இல்லை. இப்போது வழக்குகளுக்காக அதை யாரும் பார்ப்பதில்லை.

செய்முறைப் பதிவேட்டில் அந்த ஜெல்லின் படத்தை ஒட்டி, அதன் கீழே முதலில் நான் "வெற்று மாதிரியில் என்னுடைய டி.என்.ஏ. கலந்துள்ளது" என்று எழுதியிருந்தேன். சிவப்பு மையில் அதை அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது அந்தப் பக்கத்தில் இருப்பது இதுதான்: "லேன் 7-இல் காணப்படும் டி.என்.ஏ.வுக்கு உரியவர் பட்டியலிலிருந்து மாதிரி 3-ஐயும் மாதிரி 5-ஐயும் விலக்க முடியவில்லை. ஏனைய மாதிரிகள் விலக்கப்படுகின்றன. இந்தத் தொகுதியின் முடிவுகள் எவையும் ஏற்கத்தக்கவை அல்ல. சோதனை மீண்டும் செய்யப்பட வேண்டும்." அடுத்த வியாழக்கிழமை மீண்டும் செய்தோம். ஏழாவது லேன் இருட்டாக இருந்தது.